வாசலில் நின்று பாடும் பாட்டுகள்

2018 நவம்பர் 30 இரவு எங்கள் யாங்கோன் நகரத்தின் இன்சைன் பகுதியில் என் தோழி வீட்டில் தங்கியிருந்தேன். அவர்கள் பர்மாவின் கரேன் இனத்துக் குடும்பம். மணி பதினொன்று ஆகியும் யாரும் படுக்கிற மாதிரித் தெரியவில்லை. குழந்தைகள் கூடச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு அடித்ததும் தெருவில் பாட்டு கிளம்பியது. டிசம்பர் பிறந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அதற்காகவே பாடுகிறார்கள். ‘ஸ்வீட் டிசம்பர்’ என்று அதற்குப் பெயரே உண்டு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்றரை வாரம் இருக்கிறது, ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவர்களுக்குப் பண்டிகைதான்.

நானும் கூட நடந்தேன். ஒரு கித்தார், பத்துப் பதினைந்து குரல், கையில் மெழுகுவர்த்தி, தோளில் பனிக்குப் போர்வை. ஒரு வீட்டு வாசலில் பாடி முடித்ததும் அங்கேயே நிற்பதில்லை. அடுத்த வீட்டுக்கு நடக்கும்போதே யாராவது ஒருவர் அடுத்த பாட்டை மெதுவாக எடுத்துவிடுவார். பின்னால் வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். வரிசையின் முன்பக்கம் பாட்டின் இரண்டாவது வரியில் இருக்கும், பின்பக்கம் இன்னும் முதல் வரியில் இருக்கும். வாசலுக்கு வந்து நின்றதும் எல்லாம் ஒன்று சேரும். அந்த ஒன்றுசேருகிற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் கேட்ட எந்தக் கிறிஸ்துமஸ் கேசட்டிலும் சிடியிலும் அந்த இடம் இருந்ததில்லை.

என் கிறிஸ்துமஸ் பாட்டுப் பட்டியல் அன்றைக்குத்தான் உருப்படியாகத் தொடங்கியது என்று சொல்லலாம். அதற்கு முன்பும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் 24-ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்து வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். விடியும்வரை பாட்டு ஓடும். சித்தப்பா காலத்திலிருந்து அதே போனி எம் கேசட்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் 1978-இல் பாடிப் பெயர் வாங்கிய ‘மேரிஸ் பாய் சைல்ட்’ எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். 1956-இல் ஹாரி பெலஃபான்டே அதே பாட்டை எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் பாடியதைக் கேட்ட பிறகு இன்னும் அதிகமாகப் பிடித்தது. ஆனால் வருடா வருடம் அதே பத்துப் பாட்டு. அதில் பாதியில் பனி கொட்டும், குதிரை வண்டி சறுக்கும். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. 1857-இல் அச்சானபோது அதன் பெயரும் வேறு, அது பனியில் ஓடும் வண்டியைப் பற்றிய பாட்டு மட்டும்தான். எங்கள் ஊரில் பனி என்றால் விடியற்காலையில் இலையில் நிற்கிற ஈரம்.

அதனால் வித்தியாசமான பாட்டுகளைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினேன். முதல் வருடம் வித்தியாசம் ஒன்றையே பார்த்துச் சேர்த்தேன். நாய்க் குரைப்பை வெட்டி ஒட்டிச் செய்த பாட்டு, ரோபோ குரலில் ஒன்று, கிறிஸ்துமஸ் தாத்தாவைத் திட்டுகிற ராக் பாட்டு. வந்தவர்கள் ஒரு தடவை சிரித்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்க ஒன்றிலும் எதுவும் இல்லை. மகள் எழுந்து போய்ப் பழைய கேசட்டையே போட்டாள். அவள் செய்தது சரிதான் என்று எனக்கே பட்டது.

இன்சைனிலிருந்து திரும்பி வந்ததும் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். வீடு வீடாக நடந்து போய், வாசலில் நின்று பாடுவதற்காக உண்டான பாட்டாக இருக்க வேண்டும். எந்த மொழியானாலும் சரி, எந்த ஊரானாலும் சரி. இந்த ஒரு விதி திறந்துவிட்ட உலகத்தை இன்னும் நான் சுற்றி முடிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் கேரல் என்ற சொல்லே பழைய பிரெஞ்சில் வட்டமாகக் கைகோத்து ஆடிப் பாடுவதைத்தான் குறித்தது. அசைகிற கால்களோடு சேர்ந்து பிறந்த பாட்டு அது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதெல்லாம் பிறகு வந்த பழக்கம்.

மெக்ஸிகோவில் ‘போஸாதாஸ்’ என்று ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள். ஒரு கூட்டம் மரியாளும் யோசேப்பும் போல வாசலுக்கு வெளியே நின்று, தங்க இடம் கேட்டுப் பாடும். இன்னொரு கூட்டம் கதவுக்கு உள்ளே சத்திரக்காரராக நின்று, இடமில்லை, போங்கள் என்று பாடும். வெளியே ஒரு கண்ணி, உள்ளே ஒரு கண்ணி. யார் வந்திருக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவர்களுக்குப் புரிந்ததும் கதவு திறக்கும், மெட்டு மாறும், எல்லாரும் சேர்ந்து பாடியபடி உள்ளே போவார்கள். இதை முதன்முதலில் கேட்டபோது சமையல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நல்ல ஒலிப்பதிவுகளில் உள்ளே பாடுகிறவர்களின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து மங்கலாக வருவது அப்படியே கேட்கும்.

டிசம்பர் 16 என்றதும் தமிழ் வீட்டில் வேறொன்று ஞாபகத்துக்கு வரும். ஏறக்குறைய அன்றைக்குத்தான் மார்கழி பிறக்கிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கோவிலில் விடியற்காலையில் திருப்பாவை போடுவார்கள். சின்ன வயதிலிருந்து தூக்கத்தில் கேட்டு வளர்ந்தது, நாங்கள் சபைக்குப் போகிற குடும்பம் என்றாலும் முக்கால்வாசி எனக்கு மனப்பாடம். அதன் ஆறாம் பாசுரத்திலிருந்து பதினைந்தாம் பாசுரம் வரை பெண்கள் பத்து வீட்டு வாசலில் போய் நின்று தோழிகளை எழுப்புகிறார்கள். பதினைந்தாவது பாசுரம் முழுக்க வெளியே நிற்பவர்களும் உள்ளே படுத்திருப்பவளும் பேசிக்கொள்கிற பேச்சு. மெக்ஸிகோக்காரர்களின் கதவுப் பாட்டைக் கேட்ட அன்றைக்கு நான் பதினைந்தாம் பாசுரத்தை எடுத்து வைத்து மறுபடி வாசித்தேன். ஆண்டாள் பாடியது கிறிஸ்துமஸ் பாட்டு அல்ல, அதை என் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. ஆனால் ஒரே மாதத்தில் திருப்பாவையும் கிறிஸ்துமஸ் வாசல் பாட்டும் எங்கள் தெருவில் கேட்கின்றன. இரண்டும் மூடிய கதவைப் பார்த்துப் பாடுகிற பாட்டு.

வேல்ஸின் தென்பகுதியில் இதைவிட விசித்திரமான ஒரு வழக்கம். ‘மாரி லூயிட்’ என்று பெயர். குதிரையின் மண்டையோட்டைக் கம்பில் மாட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, தாடை டக் டக்கென்று அடிக்கும்படி ஒருவர் உள்ளே இருந்து இழுப்பார். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் அதோடு வீடு வீடாகப் போவார்கள். வாசலில் அவர்கள் பாட்டுக் கட்டிப் பாட, வீட்டுக்காரர்கள் உள்ளிருந்து எதிர்ப்பாட்டு பாட வேண்டும். யார் சரக்கு முதலில் தீர்கிறதோ அவர்கள் தோற்றவர்கள். வீட்டுக்காரர் தோற்றால் கதவைத் திறந்து சாப்பாடு போட வேண்டும். நம் ஊர் லாவணிப் போட்டியை வாசற்படியில் வைத்த மாதிரி. பாட்டைக் கேட்டால் பயமும் சிரிப்பும் சேர்ந்து வரும். சின்னப் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டாமல் பாட்டை மட்டும் போடுவது நல்லது.

ட்ரினிடாடின் ‘பராங்’ பாட்டுகள் என் பட்டியலில் ஆறு இருக்கின்றன. ஆங்கிலம் பேசுகிற தீவில் கிறிஸ்துமஸ் காலத்தில் ஸ்பானிய மொழியில் பாடுகிறார்கள். பக்கத்துக் கரையான வெனிசுவேலாவிலிருந்து வந்த பழக்கம். குவாத்ரோ என்கிற நாலு தந்தி வாத்தியமும், விதை போட்டு ஆட்டுகிற குடுக்கைகளும் சேர்ந்தால் கால் தானாக ஆடும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒழுங்கு. வாசலுக்கு வந்ததும் பாட ஒரு வகை, உள்ளே போய்ப் பிறப்பின் கதையைச் சொல்ல ஒரு வகை, சாப்பிட்டுவிட்டு விடைபெற ஒரு வகை. விடைபெறும் பாட்டுக்கு ‘தெஸ்பெதீதா’ என்று பெயர். டெய்சி வாய்சின் என்ற அம்மாவைத்தான் அங்கே பராங்கின் ராணி என்கிறார்கள். 1991-இல் இறந்துபோனார். அவர் குரலைத் தேடிக் கேளுங்கள். நடுவில் ஒரு கூவல் கொடுப்பார், அது வயலில் தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரல். இந்த மூன்று வகை ஒழுங்கைத்தான் என் பட்டியலுக்கும் வைத்திருக்கிறேன். முதலில் கதவு தட்டும் பாட்டுகள், நடுவில் மாட்டுக்கொட்டில், கடைசியில் போய்வருகிறோம்.

உக்ரைனின் ‘ஷ்செத்ரிக்’ பாட்டை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ‘கேரல் ஆஃப் த பெல்ஸ்’ என்று கடைகளில் ஓடுகிறதே, அதுதான். நாலே நாலு சுரம் திரும்பத் திரும்பச் சுழலும். மிகோலா லெயொன்டோவிச் பழைய நாட்டுப்பாட்டை எடுத்துச் சேர்ந்திசையாகக் கட்டி 1916-இல் கீவ் நகரில் பாட வைத்தார். மணியோசை பற்றிய ஆங்கில வரிகள் 1936-இல்தான் வந்தன. மூலத்தில் மணியே இல்லை. ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்குள் பறந்து வந்து, வெளியே வந்து உன் ஆடுகளைப் பார் என்று வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறது. புத்தாண்டுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடியது. பனிக்காலத்தில் தகைவிலான் எங்கிருந்து வந்தது என்றால், அந்தப் பாட்டு பிறந்த காலத்தில் அவர்களுக்கு வசந்தத்தில்தான் ஆண்டு பிறந்ததாம். உக்ரைன் மொழியிலேயே கேளுங்கள். மணி போய்க் குருவி வந்துவிட்டால் அது வேறு பாட்டு.

நம் பக்கத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பர்மாவில் தேடினால் கிடைப்பது கொஞ்சநஞ்சம் அல்ல. வடக்கே கச்சின் மாநிலத்து லிசு மக்கள் எந்த வாத்தியமும் இல்லாமல் நாலு குரலில் பாடுவதைக் கேட்டால் மலை பாடுகிற மாதிரி இருக்கும். அவர்களுடைய எழுத்தை உருவாக்கியதில் பா தாவ் என்ற கரேன் ஊழியருக்கும் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஆங்கிலேய மிஷனரிக்கும் பங்கு உண்டு. ரோமன் எழுத்துகளில் சிலவற்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட எழுத்து அது. எங்கள் பக்கத்துத் தெருவில் சின் இன மக்களின் சபை இருக்கிறது, அங்கே பாட்டுப் புத்தகத்தில் ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறிப்பு கிடையாது. டோ ரே மீ என்பதன் முதல் எழுத்துகளை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பத்து வயதுப் பையன் கூட இரண்டாம் குரல் எடுத்துவிடுகிறான். நம் ச ரி க ம தெரிந்தவர்களுக்கு அதைப் படிக்க அரைநாள் போதும். அந்தச் சபையில் ஒரு முதியவர் ‘சைலன்ட் நைட்’ பாட்டைப் பத்தலாவில் வாசித்தார். மூங்கில் பட்டைகள் 24 வைத்துக் கட்டிய வாத்தியம். அதன் சுருதி பியானோவோடு ஒட்டாது, சில சுரங்கள் ஒரு மயிரிழை தள்ளி விழும். அந்தத் தள்ளலில் பாட்டு தாலாட்டாகவே ஆகிவிட்டது. 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃபில் முதன்முதல் பாடியபோது அதற்குத் துணையாக இருந்ததும் ஒரு கித்தார் மட்டும்தான். கைபேசியில் பதிந்துகொண்டு வந்தேன், நடுவில் யாரோ இருமுவதோடு அப்படியே பட்டியலில் இருக்கிறது.

அப்புறம் தமிழ். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். குறவஞ்சி என்றாலே தெருவில் நடக்கிற கதைதான். தலைவன் உலா வருவான், தலைவி பார்த்து மயங்குவாள், குறத்தி கூடையோடு வந்து குறி சொல்வாள். அந்தத் தெருவிலே சாஸ்திரியார் இயேசுவை உலா வர விட்டிருக்கிறார். குறத்தி வந்து நல்ல குறி சொல்கிறாள். கோப்பர்னிக்கஸ் சொன்ன கிரக வரிசை கூட அந்தப் பாட்டுக்குள் வருகிறது! பெத்லகேமின் நட்சத்திரத்தைப் பற்றி எத்தனையோ பாட்டு கேட்டிருக்கிறேன், சூரியனைச் சுற்றுகிற கிரகங்களையும் சேர்த்துப் பாடின பக்திப் பாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சாஸ்திரியாரின் வழிவந்தவர்கள் இன்றும் அவர் பாட்டுகளைப் பாடி வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைத் தெரியாமல் வைத்திருக்கிறோமே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

எங்கள் தமிழ்ச் சபையிலும் கீத பவனி போகிறோம். யாங்கோன் டவுன் பக்கம் எல்லாம் ஆறு மாடி, எட்டு மாடி வீடுகள், பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. இங்கே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் முனையில் காகிதம் கவ்வுகிற கிளிப், மேல் முனையில் சின்ன மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டுவார், மேலே மணி அடிக்கும். பவனி போகும்போது எங்களுக்கும் அதுதான் கதவு. கயிற்றை ஆட்டிவிட்டு, தெருவில் நின்று தலையைத் தூக்கிப் பாடுவோம். ஊரடங்கு வந்த பிறகு சாயந்திரம் ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறோம். பாதி நாள் மின்சாரமும் இருக்காது.

போன டிசம்பரில் அப்படி ஒரு சாயந்திரம். தெரு இருட்டு, இரண்டு கடையில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம். ஐந்தாம் மாடி அத்தைக்கு முட்டிவலி, மூன்று வருடமாக அவர் கீழே இறங்குவதில்லை. நாங்கள் கயிற்றை ஆட்டினோம். மேலே ஒரு டார்ச் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. எங்கள் தாத்தா காலத்துக் கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினோம், பல்லவி, அனுபல்லவி, சரணம் நான்கு. டோலக் மட்டும்தான் துணை. நாலாவது சரணமும் முடிந்து, பல்லவியைத் திரும்ப எடுக்கப் போகிற நேரம். மேலேயிருந்து தனிக்குரல் ஒன்று வந்தது. அத்தை அதே மெட்டில் ஐந்தாவது சரணத்தைப் பாடினார்.

எங்களில் யாருக்கும் அந்தச் சரணம் தெரியாது. புத்தகத்தில் இல்லை. டோலக் வாசிக்கிற பையன் கையை எடுத்துவிட்டான். அத்தையின் குரல் மெலிசு, ஐந்து மாடி இறங்கி வருவதற்குள் பாதியைக் காற்று கொண்டுபோனது. ஆனாலும் பல்லவியின் முதல் சொல்லுக்கு வந்ததும் கீழே இருந்த பதினெட்டுப் பேரும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டோம். எதிர் வீட்டு பர்மியக் குடும்பம் பால்கனியில் வந்து நின்று கேட்டது. பாட்டு முடிந்ததும் கயிறு மேலே ஏறியது, திரும்பி இறங்கும்போது கிளிப்பில் ஒரு உறை, கூடவே பிளாஸ்டிக் பையில் அச்சு முறுக்கு. சூடு ஆறவில்லை.

என் கைபேசி பதிந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் சத்தம்தான் அதிகம், சரணத்தில் இரண்டு சொல் கேட்கவே இல்லை. 26-ஆம் தேதி மாடி ஏறிப் போனேன்.

“எங்கப்பா மோல்மேன்ல பாடுவாரும்மா. அங்கே எல்லாரும் அஞ்சும் பாடுவாங்க. உங்க புத்தகத்துல விட்டுட்டாங்களா?” என்றார் அத்தை. மோல்மேன் பர்மாவின் தென்கிழக்கில் இருக்கிற ஊர்.

சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அவருக்கே ஒரு வரியில் சந்தேகம் வந்தது. கண்ணை மூடி, விரலால் தொடையில் தாளம் போட்டு, முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்தார். அந்த இடத்துக்கு வந்ததும் சொல் தானாக வந்து விழுந்தது. வெறுமனே யோசித்தால் வராது, பாடிக்கொண்டு வந்தால்தான் வரும் என்றார்.

அதிலிருந்து நான் வெளிநாட்டுப் பாட்டுத் தேடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். தேடுகிறவர்களுக்கு ஒரு வழி மட்டும் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் பாட்டு என்று தேடினால் கடையில் ஓடுகிற அதே பாட்டுகள்தான் வரும். அந்தந்த ஊரில் அதற்கு வழங்குகிற பெயரைப் போட்டுத் தேடுங்கள். போஸாதாஸ், பராங், போர்ட்டோ ரீக்கோவின் பர்ராண்டா, நம் கீத பவனி. சின்னச் சின்னச் சபைக்காரர்கள் கைபேசியில் எடுத்துப் போட்ட, நூறு பேர் கூடப் பார்க்காத வீடியோக்களில்தான் நல்லது இருக்கிறது. ஒலி சுமாராக இருக்கும், நாய் குரைக்கும், யாராவது தாளம் தப்புவார்கள். ஒதுக்கிவிடாமல் முழுக்கக் கேளுங்கள்.

இந்த வருடப் பட்டியலில் நாற்பத்திரண்டு பாட்டு சேர்ந்திருக்கிறது. மாட்டுக்கொட்டில் பகுதி நிறைந்துவிட்டது. விடைபெறும் பகுதிக்குத் தமிழில் ஒன்று கூடக் கையில் இல்லை. பவனி முடிந்து வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பாட மங்களம் மாதிரி ஒன்று மோல்மேன் சபையில் இருந்தது என்கிறார் அத்தை. முதல் இரண்டு வரிக்கு மேல் அவருக்கு ஓடவில்லை, பாடிப் பார்த்தும் வரவில்லை.

1960-களில் இங்கிருந்து கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பங்கள் பல உண்டு. அந்த வீடுகளில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள், வாசலைவிட்டுக் கிளம்பும்போது பர்மாவில் என்ன பாடினீர்கள் என்று. அவர்களைச் சொல்லச் சொல்லாதீர்கள், முதலிலிருந்து பாடச் சொல்லுங்கள், பக்கத்தில் கைபேசியை வைத்துவிடுங்கள். பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ கேசட்டோ கிடந்தால், பூசணம் பிடித்திருந்தாலும் எறிய வேண்டாம். எனக்கு ஒரு வரி எழுதுங்கள். டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் கிடைத்தால் இந்த வருடமே ஐந்தாம் மாடிக் கயிற்றுக்குக் கீழே நின்று பாடிவிடலாம்.